கருங்குழம்பும் புழுங்கலரிசியும்

மலாக்கா நகரத்தில் ஜாலான் பெண்டஹாராவை அடுத்த மளிகைக் கடைகளிலும், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பூலாவ் செபாங் முதலிய சிற்றூர்களின் சாமான் கடைகளிலும், பால்மாவு டின்களுக்கும் மைலோ டின்களுக்கும் அருகில், வயிறு பருத்து, மஞ்சள் மூடி தரித்து, உள்ளே இருப்பது இன்னதென்று வெளியே தெரியாதவாறு இருண்டு நிற்கும் ஒரு சிறு குப்பியை நம்மவர் யாவரும் கண்டிருப்பர். அதுவே மார்மைட். மூடியைத் திறந்தால் முற்றக் காய்ச்சிய வெல்லப்பாகைப் போன்ற கரிய குழம்பு ஒன்று கரண்டியில் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கும். ஆனால் வெல்லத்தின் இனிமையை எதிர்பார்த்து நாவில் வைப்பவன் திடுக்கிட்டுப் போவான், ஏனெனில் அதன் சுவை கடும் உப்பும், இறைச்சிச் சாற்றை நினைவூட்டும் ஆழ்ந்த ருசியும், சிறிது கசப்பும் கலந்தது. இதை ஆங்கிலேயர்களுடைய காலை உணவென்றும், வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாவிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த பழக்கமென்றும் பொதுவாக எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பாதி உண்மையே. இந்தக் குப்பியின் மதிப்பை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில், மலாயாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் கூலி வேலை செய்து பிழைத்த ஏழை ஜனங்களுக்கு முக்கியமான பங்கு இருக்கிறது. அதிலும் தமிழர் உண்ட அரிசிக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் இவ்வஸ்து எங்ஙனம் உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். பீர் வடிக்கும் ஆலைகளில், வாற்கோதுமைச் சாற்றைப் புளிக்கச் செய்வதற்காக இடப்படும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், தன் வேலையைச் செய்து முடிக்கையில் இட்ட அளவைக் காட்டிலும் பன்மடங்கு பெருகி, அடியிலும் மேலிலும் திரளாகத் தங்கிவிடுகிறது. நெடுங்காலம் இதைக் கழிவென்றே கருதினார்கள். இந்தக் கழிவைச் சுண்ட வைத்து உணவாக்கலாம் என்பதைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய ரசாயன மேதை ஜஸ்டஸ் ஃபான் லீபிக். ஈஸ்டுடன் உப்பைச் சேர்த்து மிதமான சூட்டில் வைத்தால், அந்த உயிரணுக்கள் மடிந்து, அவற்றுக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அவற்றின் புரதத்தைச் சிறு சிறு கூறுகளாக உடைத்துவிடுகின்றன. மேல்தோலாகிய சக்கையைப் பிரித்தெடுத்து, எஞ்சிய சாற்றைக் குறைந்த அழுத்தத்தில் நீர் வற்றும்படி காய்ச்சினால் கரிய குழம்பு கிடைக்கிறது. அதனுடன் காய்கறிச் சாறும் வாசனைச் சரக்குகளும் சேர்க்கப்படுகின்றன. பீர் ஆலையில் பிறந்ததாயினும் இது மயக்கம் தரும் பதார்த்தமன்று. இறைச்சியின் ருசி இருந்தபோதிலும் இறைச்சியின் சம்பந்தம் அணுவளவும் இல்லாதது.

1902-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்ட்டன் அப்பான் டிரென்ட் என்னும் ஊரில் மார்மைட் கம்பெனி தொடங்கப்பட்டது. அவ்வூர் பீர் ஆலைகளுக்குப் பேர்போனது, கம்பெனிக்கு வேண்டிய ஈஸ்டு அங்குள்ள பாஸ் என்னும் ஆலையிலிருந்து கிடைத்தது. 1907-இல் லண்டனில் இரண்டாவது தொழிற்சாலை ஏற்பட்டது. ஆதியில் மண் ஜாடிகளில் விற்கப்பட்டது, 1920-களில் கண்ணாடிக் குப்பிக்கு மாறியது. முதல் உலக யுத்தத்தினால் மார்மைட் வரவு தடைப்பட்ட ஆஸ்திரேலியாவில், 1922-இல் சிரில் காலிஸ்டர் என்னும் ரசாயனர் வெஜிமைட் என்ற தம்பிச் சரக்கை உண்டாக்கினார். நியூசிலாந்துக்காரர் தங்களுக்கென ஒரு மார்மைட்டை வேறு பக்குவத்தில் செய்துகொண்டார்கள். வியாபார சரித்திரத்தில் இவ்வளவு நமக்குப் போதும். நமக்கு நெருக்கமான கதை வேறு திசையில் தொடங்குகிறது.

பர்ட்டனில் அக்கம்பெனி பிறப்பதற்கு 6 ஆண்டுகளுக்கு முன், அதாவது 1896-இல், டான் சாய் யான் என்ற மலாக்காச் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசாஹானில் பெருந்தோட்டம் ஒன்றை எழுப்பினார். மலாயாவில் வியாபார முறையில் ரப்பர் தோட்டம் தோன்றியது இவ்வாறு மலாக்கா மண்ணிலேதான். அந்த மரங்களுக்காகவே, கங்காணிகளின் வாக்கை நம்பி, தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்து லயங்களில் குடியேறினார்கள். வந்தவர்கள் தங்களுடன் கொண்டுவந்த சொத்துக்களில், எவருடைய கணக்கிலும் ஏறாத ஒன்று, புழுங்கலரிசிச் சோறு உண்ணும் பழக்கம்.

அக்காலத்தில் மலாயாவை ஆட்டிவைத்த நோய்களில் பெரிபெரி ஒன்று. கால்கள் மரத்துப்போய், தசை நலிந்து, சிலருக்கு உடல் முழுதும் நீர் கோத்து வீங்கி, இறுதியில் இருதயம் ஓய்ந்துபோகும் இந்த வியாதி, ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் பலிகொண்டது. மலாக்காவுக்கு அண்டையிலுள்ள நெகிரி செம்பிலானில் தலைமை வைத்தியராயிருந்த லெனார்ட் பிராடன் என்பவர் இதைக் கூர்ந்து கவனித்தார். ஒரே தட்பவெப்பத்தில், ஒரே ஜில்லாவில், பல சமயம் ஒரே மாதிரியான கொட்டகைகளில் வசித்தபோதிலும், சீனர்களை வாட்டிய பெரிபெரி தமிழரை ஏறக்குறைய தீண்டாமலே இருந்தது. இரு சாராருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அரிசியில் இருப்பதாக அவர் கண்டார். சீனர் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டப்பட்ட சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது நெல்லை ஊறவைத்து, உமியோடு வேகவைத்து, உலர்த்திப் பின்னர் குத்திய புழுங்கலரிசி. இதை விரிவாக எடுத்துரைத்து 1907-இல் அவர் ஒரு பெருநூலை வெளியிட்டார். பழைய பச்சரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்பது அவர் கொண்ட முடிவு. முடிவு தவறு, ஆயினும் கண்ட காட்சி முற்றிலும் சரி.

அக்காலத்தை ஒட்டி நடந்த இரு சோதனைகள் உலக வைத்திய சரித்திரத்தில் இடம்பெற்றவை. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-06-இல் வில்லியம் ஃபிளெட்சர் என்ற வைத்தியர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துவந்தார்; பெரிபெரி முதற்பிரிவைத் தாக்கியது, இரண்டாம் பிரிவினர் தப்பினார்கள். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலானின் ஜெலெபு காட்டுப் பகுதியில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இதே சோதனையைச் செய்து, அரிசியை இடம் மாற்றிக் கொடுத்தால் நோயும் இடம் மாறுவதைக் கண்டார்கள். விஷம் எதுவும் இல்லை. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு ஜீவசத்து இல்லாமையே நோய்க்குக் காரணம் என்று தெளிவாயிற்று. நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. பி1 என்றும் தயமின் என்றும் இன்று வழங்கும் அச்சத்தை, ஜாவாவில் பட்டேவியா நகரத்து ஆராய்ச்சியாளர் இருவர் 1926-இல் தனியே பிரித்தெடுத்தனர். நம் பாட்டிமார் பெரிய அண்டாக்களில் நெல் அவித்த வேலையை ஒரு நாட்டுப்புறப் பழக்கமென்று இகழ்ந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பழக்கமே தோட்டத்துத் தமிழரின் உயிரைக் காத்தது என்பதை நான் பெருமிதத்தோடு எழுதுகிறேன்.

இனி மார்மைட்டுக்கு வருவோம். வைட்டமின் என்ற கருத்து 1912-இல் பிறந்து பரவியதும், தவிட்டில் இருந்த அதே சத்து ஈஸ்டிலும் செறிந்து கிடப்பது புலனாயிற்று. பீர் ஆலையின் கழிவு அன்றே மருந்தின் அந்தஸ்தைப் பெற்றது. முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் உணவுப் பங்கில் மார்மைட் சேர்க்கப்பட்டது. ஆயினும் அதன் மிகச் சிறந்த வெற்றி போர்க்களத்தில் கிட்டியதன்று. பிரசவ விடுதிகளில் கிட்டியது.

1888-இல் பிறந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி, 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணி ஸ்திரீகள், இரத்தம் வெளிறி, மூச்சு வாங்கி, பிள்ளை பெறும் தருவாயில் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்தார்கள். சாதாரண இரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இவர்களுடைய இரத்தத்திலோ அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் இயல்புக்கு மீறிப் பெருத்திருந்தன. ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்து, வில்ஸ் முதலில் கிருமிகளைத் தேடினார். பிறகு அப்பெண்களின் வீடுகளுக்கே போய், அவர்கள் என்ன உண்கிறார்கள், எவ்வளவு உண்கிறார்கள் என்று விசாரித்தார். பழமும் கீரையும் பாலும் எட்டாத வீடுகளில் நோய் மிகுதியாயிருந்தது. 1929-இல் அவர் தம் ஆராய்ச்சியை நீலகிரியில் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டு, உணவு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ராபர்ட் மக்காரிசனின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என வழங்கும் அதே இடத்தில், தமிழ்ப் பெண்களிடையே பணிபுரிந்தார்.

அப்பெண்களின் உணவை ஒத்த உணவைக் குரங்குகளுக்கு அளித்து அதே நோயை அவற்றுக்கு வரவழைத்த பின், மிகவும் நலிந்திருந்த குரங்கு ஒன்றுக்கு மார்மைட் ஊட்டப்பட்டது. அது வியக்கத்தக்கபடி தேறி எழுந்தது. பின்னர் அதையே நோயுற்ற கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தபோது, சில தினங்களிலேயே அவர்களுடைய இரத்தத்தில் புதிய அணுக்கள் பெருகத் தொடங்கின; பசி எடுத்தது, சோர்வு நீங்கிற்று. அக்காலத்தில் இத்தகைய சோகைக்கு ஈரல் சத்தே மருந்து. அது விலை மிகுந்தது, புலால் உண்ணாதவர்களுக்கு ஆகாதது. மார்மைட்டோ மலிவானது, எவரும் உண்ணத்தக்கது. 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வில்ஸ் இதைப் பிரசுரித்தார். சுத்திகரிக்கப்பட்ட ஈரல் மருந்துக்குக் கட்டுப்படாத சோகையும் ஈஸ்டுச் சாற்றுக்குக் கட்டுப்பட்டதை அவர் பின்னர்க் காட்டியமையால், அதுவரை அறியப்படாத வேறொரு சத்து அதனுள் இருப்பது உறுதியாயிற்று. உலகம் அதை வில்ஸ் சத்து என்றே சில காலம் அழைத்தது.

அந்தச் சத்து யாதென்பதை அறியப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 1941-இல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக் கீரையைப் பிழிந்து அதன் ஒரு துளியைப் பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945-இல் அதைச் செயற்கையாக உண்டாக்கிய செய்தி வெளியாயிற்று. அந்த வேலையை நடத்திய லெடர்லி ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ், 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் கதர் அங்கி அணிந்ததற்காக ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்தை இழந்தவர். ஊட்டக் குறையோடு தொடர்புடைய ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குத் தம் சகோதரரைப் பறிகொடுத்தவர். அந்நோய்க்கும் ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று. பம்பாயில் ஒரு பெண்மணி எழுப்பிய வினாவுக்கு, ஒரு சென்னை மாணவர் கடல் கடந்து விடை அளித்ததை ஓர் அபூர்வமான சம்பவமென்றே கருதுகிறேன். இன்று மலேசியாவின் அரசாங்கக் கிளினிக்குகளில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தரப்படும் அந்தச் சிறு மாத்திரை, மார்மைட் குப்பியிலிருந்து புறப்பட்ட வழியின் முடிவில் நிற்பது.

வில்ஸின் ஆராய்ச்சி வெளிவந்த சில ஆண்டுகளில், 1934-35-இல், இலங்கையில் மலேரியா காய்ச்சல் பரவி ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. கொயினா மருந்து ஒன்றால் மட்டும் தேறாதவாறு பட்டினியால் நலிந்திருந்த கிராமத்து ஜனங்களுக்கு, சூரிய மல் என்னும் அந்நாட்டு இயக்கத்தின் இளைஞர்கள் மார்மைட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இலங்கையில் இன்றும் அது வீட்டுப் பண்டமாகவே இருந்து வருகிறது. வெந்நீரில் கரைத்து, எலுமிச்சை பிழிந்து அருந்துவது அங்குள்ளவர் வழக்கம்.

மலாயாவிலோ, 1942-இல் ஜப்பானியர் ஆட்சி ஏற்பட்டதும் பர்மா அரிசி நின்றது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. புழுங்கலரிசி காத்துவந்த தமிழரையும் பெரிபெரி இப்போது பிடித்துக்கொண்டது. தோட்டங்களிலிருந்து, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர், வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பெரிபெரியாலும் காட்டிலேயே மாண்டார்கள். சிங்கப்பூர் சாங்கி முகாமில் சிறைப்பட்டிருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்காவது, ஈஸ்டு வளர்த்துக் கொடுக்க அவர்களுடைய வைத்தியர்கள் இருந்தார்கள். நம்மவருக்கு அதுவும் இல்லை. இந்த வேற்றுமையை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

இவ்வளவும் சத்தைப் பற்றியவை. ஆனால் சத்து ஒன்றுக்காக மட்டும் ஜனங்கள் ஒரு பதார்த்தத்தை நூறாண்டு காலம் விரும்பி உண்ணமாட்டார்கள். மார்மைட்டின் கவர்ச்சிக்குக் காரணம் குளுட்டமேட் என்னும் பொருள். புரதம் உடைந்து சிதையும்போது இது விடுபடுகிறது; எலும்பு ரசத்தின் ஆழமும், கருவாட்டின் மணத்தோடு வரும் ருசியும், சோயா சாற்றின் நிறைவும் இதனால் உண்டாகின்றன. 1908-இல் டோக்கியோவில் இக்கேடா என்னும் ரசாயனர் இதைக் கடற்பாசிச் சாற்றில் கண்டு, உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு ஆகியவற்றுக்கு அப்பாற்பட்ட தனிச்சுவை என்று கூறினார். இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் பெலாச்சானும் சின்சலோக்கும் அன்றாட உணவாகிய மலாக்காவில் பிறந்து வளர்ந்த நாவுக்கு இச்சுவை அந்நியமானதன்று. ஆகவேதான் இங்கே மார்மைட் பலவிதமாகக் கலந்துவிட்டது. கோப்பிக் கடையில் வாட்டிய ரொட்டியின்மேல் வெண்ணெயைத் தடவி அதன்மேல் மெல்லியதாகப் பூசுவது ஒரு விதம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அரிசிக் கஞ்சியில் கால் கரண்டி கலக்குவது இன்னொன்று. சீனச் சமையற்காரர் கோழித் துண்டுகளைப் பொரித்து, தேனும் சோயாவும் மார்மைட்டும் சேர்த்த பாகில் புரட்டித் தரும் மார்மைட் கோழியோ, இங்கிலாந்துக்காரர் கனவிலும் காணாத சிருஷ்டி. அதை மலேசியாவின் சொந்தப் பலகாரமென்றே சொல்லவேண்டும். மரக்கறி உணவினர் பருப்புக் குழம்பிலோ காளான் வறுவலிலோ அரைக் கரண்டி சேர்த்தால், இறைச்சி இல்லாமலே அதன் நிறைவு வருவதை உணர்வார்கள். தாவர உணவில் கிடைப்பதற்கரிய பி12 சத்தும் அதில் சேர்க்கப்படுவதால், அவர்களுக்கு இரட்டிப்பு நன்மை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மார்மைட்டைப் போன்ற குப்பியில், ஏறக்குறைய அதே நிறத்தில், போவ்ரில் என்ற சரக்கும் விற்கப்படுகிறது. போவ்ரில் ஆதியில் மாட்டிறைச்சிச் சாறு. 2004-இல் மலேசியா முதலிய நாடுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் மரக்கறி உணவினரையும் மனத்திற்கொண்டு, உற்பத்தியாளர் இறைச்சியை நீக்கி ஈஸ்டுச் சாற்றைப் பயன்படுத்தினர். 2006-இல் இங்கிலாந்தில் மாட்டிறைச்சி மீண்டும் சேர்க்கப்பட்டது. எனவே பசு மாமிசத்தை விலக்கும் குடும்பத்தினர் குப்பியின் வடிவத்தைப் பார்த்து வாங்காமல், அதன்மீது அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குவதே உசிதம்.

மார்மைட்டில் பத்தில் ஒரு பங்கு உப்பே என்பதையும் மறைக்கக் கூடாது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் நம் சமூகத்தில் மலிந்துள்ள இக்காலத்தில், கரண்டி கரண்டியாக உண்பது அறிவுடைமையன்று. ரொட்டிக்கு நிறம் மாறும் அளவு பூசினால் போதும். மனச்சோர்வுக்குத் தரப்படும் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் தடுப்பு மருந்துகளை உண்போர் இதை அறவே விலக்கவேண்டும், ஏனெனில் இதிலுள்ள டைரமின் என்னும் பொருள் அம்மருந்தோடு சேர்ந்து இரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். அதேபோல், கர்ப்பிணிகள் இதை உண்கிறோம் என்ற தைரியத்தில் கிளினிக்கில் தரும் மாத்திரையைத் தள்ளிவிடக் கூடாது. கருவுக்கு ஃபோலிக் அமிலம் மிகுதியாக வேண்டியது முதற்சில வாரங்களிலேயே, பெரும்பாலும் கருவுற்றதைப் பெண் அறிவதற்கு முன்பே. குழந்தையின் முதுகுத்தண்டு அப்போது உருவாகிவிடுகிறது. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரைக் கலந்துகொள்வது மிக அவசியம். முருங்கைக் கீரையும் பசலைக் கீரையும் இச்சத்தைத் தருபவையே; ஆனால் நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டிவிட்டால், சத்தும் அந்நீரோடு போய்விடும்.

ஒரு விண்ணப்பத்தையும் இங்கே வைக்க விரும்புகிறேன். புழுங்கலரிசியைப் பற்றிய பிராடனின் ஆராய்ச்சி, நம் எல்லையை அடுத்த நெகிரி செம்பிலானில் நடந்தது; அதில் சாட்சியாக நின்றவர்கள் நம் பாட்டன்மார். வில்ஸ் அம்மையார் சிகிச்சை செய்த பெண்களில் சென்னைத் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். ஆயினும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? மலாக்கா மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளிலும், வைட்டமின்களைப் பற்றிய அறிவியல் பாடம் நடக்கும் அன்று, ஆசிரியர்கள் பிராடன், ஃபிளெட்சர், லூசி வில்ஸ், சுப்பாராவ் ஆகியோரின் கதையை ஒரு கால் மணி நேரம் மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரிகளையும், அங்கிருந்த மருத்துவ உதவியாளர்களாகிய டிரெஸ்ஸர்களையும், யுத்தகாலப் பெரிபெரியையும் நேரில் கண்ட முதியவர்கள் எஞ்சியுள்ள வீடுகளில், பேரப்பிள்ளைகள் அவர்களுடைய நினைவுகளைக் கேட்டு எழுதி வைக்கவேண்டும்.